சிவப்புக் கோட்டில் அரை ஆம்பியர்

நான் கோமாவில் கிடக்கிறேன் என்கிற செய்தியை எனக்கு முதன்முதலில் சொன்னவர் எங்கள் பகுதி நூலகர். இரண்டு புத்தகங்களை மேஜையில் வைத்துவிட்டு அட்டையை நீட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"வெள்ளியங்கிரிங்கறது உங்க அண்ணனுங்களா?"

"நாந்தாங்க வெள்ளியங்கிரி."

"அவரு கோமாவுல இருக்கறதாக் காட்டுதுங்களே. இருபத்தாறு நாளாச்சாமா."

"அப்ப நான் யாருங்க?"

"அது எனக்கெப்படிங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டு அவர் இரண்டு புத்தகங்களையும் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

அறுபத்து மூன்று வயதில், கால் கடுக்க நின்றுகொண்டு, நான் படுத்துக் கிடக்கவில்லை என்று வாதாட வேண்டியிருந்தது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி, "உடம்பைப் பாத்துக்குங்க" என்று வேறு சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு உண்மையிலேயே மயங்கி விழுந்திருப்பேன். விழுந்தால் அவர்கள் சொன்னது சரியென்று ஆகிவிடுமே என்று நின்றுகொண்டேன்.

எல்லாம் என் கணினியின் பவர் சப்ளையால் வந்த வினை. அதை நானேதான் தேடிக்கொண்டேன்.

கோவையில் நான் தனியாக இருக்கும் மாடி வீட்டுக்கு நேர் கீழே சகாயமேரி இருக்கிறார். நாற்பத்து நான்கு வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. அவர் படுத்திருப்பது காற்று மெத்தையில். ஒரு சின்னப் பம்ப்பு எட்டு நிமிடம் ஓடி மெத்தைக்குள் இருக்கும் குழாய்களை நிரப்பும், எட்டு நிமிடம் ஓய்ந்து காற்றை விடும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுந்தாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பம்ப்பு நின்றால் நான்கே நாளில் படுக்கைப்புண் வந்துவிடும். போன வருடம் வந்த ஒரு புண் ஆற ஐந்து மாதம் ஆயிற்று. எலும்பு தெரிந்தது என்று அவர் கணவர் அந்தோணிசாமி சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் பம்ப்பின் அடாப்டர் ஒரு மத்தியானம் புகைந்து போயிற்று.

முன்பென்றால் இது ஒரு விஷயமே இல்லை. கடைக்குப் போய்ப் பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் ஒன்று என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மட்டமான சப்ளைகளால் நாலைந்து ஊர்களில் வீடுகள் தீப்பிடித்த பிறகு சட்டம் வந்தது: ஒரு சப்ளை, ஒரு கருவி, ஒரு ஆள். மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்து முடிச்சுப் போட்டுவிடுவார்கள். ஒன்றுக்கு வாங்கியதை இன்னொன்றில் மாட்டுவது குற்றம். தெரிந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சப்ளையைப் பூட்டிவிடுவார்கள். பிறகு அது செங்கல்தான். அந்த மெத்தையைச் செய்த கம்பெனி இழுத்து மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. புது மெத்தை கேட்டு அந்தோணிசாமி போட்ட மனு பரிசீலனையில் இருந்தது. இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது.

நானும் என் தம்பி மருதாசலமும் காந்திபுரத்தில் பதினெட்டு வருடம் ரிப்பேர் கடை நடத்தியவர்கள். பழைய கணினிகளிலிருந்து சப்ளையைப் பிடுங்கி, பேட்டரி சார்ஜராக, பந்தல் விளக்குக்கு, மைக் செட்டுக்கு என்று மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. கணினியை விட்டுப் பிரித்த சப்ளை தானாக எழுந்திருக்காது. அதன் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்துவிட்டால், கணினிதான் கூப்பிடுகிறது என்று நம்பி எழுந்துகொள்ளும். மஞ்சள் வயரில் பன்னிரண்டு வோல்ட், சிவப்பில் ஐந்து. சிவப்பில் ஒன்றுமே மாட்டாமல் விட்டால் அந்தக் காலத்து சப்ளைகளில் மஞ்சள் தள்ளாடும். அதனால் சிவப்பில் ஒரு பத்து ஓம் ரெசிஸ்டரைக் கட்டி வைப்போம். அது ஒரு வேலையும் செய்யாது. அரை ஆம்பியரைக் குடித்துவிட்டுச் சூடாகிக் கிடக்கும், அவ்வளவுதான். எங்கள் கடையில் அதற்குப் பெயர் 'சும்மா லோடு'.

அடாப்டர் புகைந்த அன்று அந்தோணிசாமி மில்லுக்குப் போயிருந்தார். நான் என் கணினியைப் பிரித்து சப்ளையைக் கழற்றி, கீழே கொண்டுபோய், கிளிப்பைச் செருகி, சிவப்பில் சும்மா லோடைக் கட்டி, மஞ்சளில் பம்ப்பை மாட்டினேன். அரை மணி நேரத்தில் ஓடியது.

"என்னங்ணா, மாவு மில்லாட்டச் சத்தம் போடுது?" என்றார் சகாயமேரி.

"ஓடுதே, அதைச் சொல்லு அம்மிணி."

சப்ளைக்குள் ஒரு சில்லு இருப்பது எனக்குத் தெரியும். அது கருவியைத்தான் கவனிக்கிறது, பச்சை வயரை ஏமாற்றினால் போதும் என்று நினைத்தேன். அது ஆளையும் கவனிக்கிறது என்பது, தனியாக இருக்கும் வயதானவர்களைக் கண்காணிக்கும் 'இருப்பு' மையத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அங்கே டோக்கன் இயந்திரம் என் கட்டைவிரலை வாங்கிப் பார்த்துவிட்டு, 'காப்பாளருடன் வரவும்' என்றது. மூன்று முறை அழுத்தினேன். மூன்றாவது முறை, 'நோயாளியைத் தொந்தரவு செய்யாதீர்கள்' என்றது. யாரோ ஒருவர் பொறுமை இழந்து விட்டுப் போன டோக்கனை எடுத்துக்கொண்டு, ஹேமலதா என்கிற அதிகாரியின் எதிரே போய் உட்கார்ந்தேன். முப்பது வயதிருக்கும். மரியாதையான பெண்தான், எரிச்சல் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

"சார், நீங்க தனியா இருக்கறவரு. உங்களாட்டம் அறுபது தாண்டினவங்களைத் தினம் போய்ப் பாக்க ஆளுக்கு எங்கீங்க போறது? அதனால கம்ப்யூட்டர் சப்ளை எவ்வளவு கரண்ட் எடுக்குதுன்னு பாத்து, ஆளு எப்படியிருக்காருன்னு இருப்பு கண்டுபிடிச்சுக்கும். டைப் அடிச்சா ஒரு மாதிரி ஏறும், படம் பாத்தா ஒரு மாதிரி ஏறும், டீ போட எந்திரிச்சுப் போனா இறங்கும். மனுசன்னா ஒரு ஒழுங்கே இருக்காதுங்க. உங்களுதைப் பாருங்க."

திரையை என் பக்கம் திருப்பினார். மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு ஏறி, நேராகப் போய், இறங்கி, நேராகப் போய், மறுபடி ஏறியது.

"எட்டு நிமிசம் மேல, எட்டு நிமிசம் கீழ. ஒரு செகண்டு பிசகலை. வீட்டுலயே மூச்சு மெஷின் வெச்சுப் படுத்திருக்கறவங்களுக்குத்தான் இப்படி வரும்."

"நான் உங்க முன்னாடி உக்காந்து பேசிட்டிருக்கறேன்மா."

"புரியுதுங்க சார். ஆனா கோமாவுல இருக்கறவங்க மனுக் குடுக்க முடியாதுங்களே."

"வேற யாரு குடுக்கோணும்?"

"உங்க காப்பாளர். ரத்த சம்பந்தத்துல அடுத்தவங்க." அவர் விரலால் தள்ளிப் பார்த்தார். "மருதாசலம், உடுமலைப்பேட்டை. தம்பிங்களா?"

எனக்கு அந்த நாற்காலி சுட்டது. மருதனோடு நான் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது.

"தினமும் காலைல ஆறு மணிக்கு இந்தக் கோட்டை அவருக்குக் காட்டிக் கேக்கும், 'தொடரட்டுமா, நிறுத்தலாமா'ன்னு. நிறுத்தலாம்னு சொன்னாலும், மூணு நாள் பதில் சொல்லாம விட்டாலும் சப்ளை பூட்டிரும். பேரு காலமானவங்க பட்டியலுக்குப் போயிரும்."

"இன்னும் ஓடிட்டுத்தான இருக்குது?"

"அப்ப தொடரட்டும்னு அமுக்கிட்டு இருக்காருன்னு அர்த்தம். பாசமான தம்பிதாங்க." பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், சப்ளையை எடுத்து வேற எதுலயாச்சும் மாட்டியிருக்கீங்களா? இருந்தாச் சொல்லிருங்க. இங்கிருந்தே பூட்டிட்டு உங்களை எழுப்பி விட்டுடறேன். பத்து நிமிச வேலை."

பத்து நிமிடம். நான் எழுந்துவிடுவேன். கீழ் வீட்டில் பம்ப்பு நின்றுவிடும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றேன்.

"அப்ப நல்லா ரெஸ்ட் எடுங்க சார்," என்றார் ஹேமலதா.

பாசமான தம்பியாம். பஸ்ஸில் வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். அண்ணன் மூச்சு மெஷினில் கிடக்கிறான் என்று தினமும் காலையில் செய்தி வருகிறது. எழுபது கிலோமீட்டர் வந்து ஒரு முறை எட்டிப் பார்க்கவில்லை. நான் கிடப்பதை ரசிக்கிறான், அதனால்தான் தொடரட்டும் என்கிறான் என்று எனக்குத் தோன்றியது.

சண்டைக்குக் காரணமும் அந்த ரெசிஸ்டர்தான். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் மைக் செட்டுக்கு சப்ளை ஒன்று செய்து கொடுத்தோம். மருதன் கட்டியது. சும்மா லோடு வீண், அது இல்லாமலேயே நிற்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே இருப்பான். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் விட்டுவிட்டான். தாலி கட்டுகிற நேரத்தில் மஞ்சள் தள்ளாடி, மைக் செட் ஊளையிட்டு அணைந்தது. மறுநாள் கடைக்கு வந்து பெண் வீட்டார் கத்தினார்கள். நான் அவர்கள் முன்னாலேயே மருதனைப் பார்த்து, "லோடு இல்லாத சப்ளையும் லோடு இல்லாத ஆளும் ஒண்ணுதான்டா. ஒரு இடத்துல நிலையா நிக்காது" என்றேன். அவனுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. நிச்சயம் வரைக்கும் வந்த பெண் வேண்டாம் என்று சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதைச் சொல்லியிருக்கக்கூடாது. சொன்ன நொடியே தெரிந்தது. அவன் சால்ட்ரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தான், சுவிட்சை அணைத்தான், போய்விட்டான்.

போகட்டும். அவன் தயவு எனக்கு வேண்டாம், இதை நானே சரிசெய்துகொள்கிறேன் என்று முடிவு செய்தேன். மனிதன் என்றால் ஒழுங்கு இருக்காது என்றுதானே ஹேமலதா சொன்னார்? மஞ்சள் வயரில் ஒரு கார் பல்பையும் சுவிட்சையும் சேர்த்துக் கட்டி, சுவிட்சை சகாயமேரியின் கையில் கொடுத்தேன்.

"உனக்கு எப்பெப்பத் தோணுதோ அப்பப் போடு, அணை. கணக்கு எதுவும் வேண்டாம்."

"எதுக்குங்ணா?"

"நான் உசுரோட இருக்கறதுக்கு."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், ஆனால் மத்தியானம் முழுக்க மனம்போல் அமுக்கினார். டிவி சீரியலில் அந்த மாமியார் வரும்போதெல்லாம் பட்பட்டென்று அமுக்கியதாகப் பிறகு சொன்னார்.

நான்கு மணிக்கு என் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு மாடியேறி வந்தார்கள்.

"பேஷண்ட் எங்கீங்க? வலிப்புன்னு வந்துருக்குது."

"எந்தப் பேஷண்ட்டு?"

"வெள்ளியங்கிரி. கோமாவுல இருக்கறவரு."

சீராக மூச்சு விடுகிறவனுக்கு நடுநடுவே தாறுமாறாகத் துடித்தால், ஆள் எழுந்துவிட்டான் என்று இருப்பு நினைக்காதாம். வலிப்பு என்று நினைக்குமாம். நாந்தான் வெள்ளியங்கிரி என்றேன். இருவரில் மூத்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "நாடி நல்லா இருக்குதுங்க. ஆனா சிஸ்டத்துல இருக்கறது நீங்க இல்லீங்களே." 'நோயாளி கிடைக்கவில்லை' என்று எழுதிக்கொண்டார். படியிறங்கும்போது அவருக்கு என்ன தோன்றியதோ, திரும்பி நின்றார்.

"வலிப்பு வந்துட்டாக் காப்பாளருக்குப் போற கேள்வி வேறங்க. 'வேதனையை முடித்துவிடலாமா'ன்னு கேக்கும். ரெண்டு நாள்தான் டைம். மொதல்ல அவரைப் பிடிங்க."

போன் செய்யலாம் என்றால், கோமாவில் இருப்பவனுக்கு எதற்குப் போன் என்று என் போனையே பூட்டிவிட்டிருந்தார்கள். வேறு போனிலிருந்து கூப்பிடலாம் என்றால், அவன் எண் இருந்ததும் என் போனுக்குள்தான். கீழே போய் பல்பைப் பிடுங்கி எறிந்தேன். சகாயமேரி சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணா, ஆம்புலன்சுக்காரங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு. இதைக் கழட்டி உங்க பெட்டியிலயே மாட்டிக்குங்க. எனக்காக நீங்க செத்தவங்க பட்டியல்ல போக வேண்டாம்."

"நீ சும்மா படு."

"படுக்காம ஓடவா போறேன்?"

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, இரண்டும் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அந்தோணிசாமியின் பயண அட்டையை வாங்கிக்கொண்டு உக்கடத்தில் பஸ் ஏறினேன். பொள்ளாச்சி தாண்டும் வரைக்கும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். கெஞ்சக்கூடாது. நான் செத்தால் உனக்கென்ன, ஆனால் கீழே ஒரு பொம்பளை இருக்கிறாள் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

உடுமலையில் மருதன் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தான். தகரக் கூரை, தரையெல்லாம் செப்புக் கம்பி. தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. ஒரு மோட்டாரை மடியில் வைத்துக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். திடுக்கிடவில்லை.

"எந்திரிச்சுட்டியாக்கும்," என்றான்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் போயிற்று. "ஏன்டா, நான் சாகக் கெடக்கறேன்னு ஒரு மாசமாச் செய்தி வருது. ஒரு எட்டு வந்து பாக்கோணும்னு உனக்குத் தோணலையா?"

"சாகக் கெடந்தாத்தான வர்றதுக்கு?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்து நீட்டினான். ஹேமலதாவின் திரையில் பார்த்த அதே மஞ்சள் கோடு. அதற்குக் கீழே, நான் அன்றைக்குக் கவனிக்காத இன்னொரு கோடு, ஏற்ற இறக்கம் இல்லாமல் நேராகப் போனது.

"அது என்ன?" என்று அதில் விரலை வைத்துக் கேட்டான்.

"சிவப்பு."

"எவ்வளவு காட்டுது?"

"அரை ஆம்பியர்."

"மூச்சு மெஷினுக்கு எவனாச்சும் சும்மா லோடு கட்டுவானா? இந்த ஒலகத்துல இன்னும் பத்து ஓம் ரெசிஸ்டரைக் கட்டிட்டுத் திரியற கிறுக்கன் ஒருத்தன்தான் இருக்கான். மொத நாளே தெரிஞ்சு போச்சு, அவன் நல்லாத்தான் இருக்கான்னு." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "மஞ்சள்ல ஓடறது சின்ன மோட்டாரு. எட்டு நிமிசம் ஓடி எட்டு நிமிசம் நிக்குதுன்னா காத்து மெத்தை. யாரோ படுத்துக் கெடக்கறாங்க, அது நீயில்ல. உன்னை எழுப்பி விட்டா சப்ளையைப் பூட்டிருவானுக. அதான் தொடரட்டும்னு அமுக்கிட்டு இருக்கறேன்."

நான் ஒரு கவிழ்த்துப் போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்தேன். ஒரு மாதமாக இவனை எத்தனை திட்டியிருப்பேன்.

"நேத்து வலிப்புன்னு ஒரு கேள்வி வந்திருக்குமே?"

"வந்துச்சு. எவங்களோ லைட்டைப் போட்டு அணைச்சு வெளையாடறாங்கன்னு தெரிஞ்சுது. வேண்டாம், தொடரட்டும்னு அப்பவே அமுக்கிட்டேன். இனி எப்பவும் போலக் காலைல கேக்கும்."

"தெனமும் ஆறு மணிக்கு எந்திரிக்கறயா?"

"எந்திரிக்காம? லோடு இல்லாத ஆளுன்னு சொன்னீயே. இப்ப ஒண்ணு இருக்குதில்ல."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான், மோட்டாரைப் பார்த்துக்கொண்டே. நான் அந்த நேரத்தில் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன். "அந்தப் பம்ப்பு மாவு மில்லாட்டச் சத்தம் போடுது" என்றுதான் வந்தது.

"உள்ள தண்டு சுத்தற புஷ் தேஞ்சிருக்கும்."

மத்தியானம் அவனே சமைத்த சோறும் கொள்ளுப் பருப்பும் சாப்பிட்டோம். கிளம்பும்போதாவது மருதன் பழைய பேச்சை விட்டிருக்கலாம், விடவில்லை. "அந்த ரெசிஸ்டரைக் கழட்டி எறி. உன்ற பெட்டி பத்து வருசத்துக்கு இந்தப் பக்கம் வந்தது. உள்ளயே லோடு வெச்சுத்தான் செய்யறான். நீ கட்டறது வீண்" என்றான். முடியாது, எனக்குத் தெரியும் என்றேன். கல்யாண மைக்கை இழுத்தேன். அது வேற காலம், வேற சப்ளை என்றான். பஸ் கிளம்பும் வரைக்கும் நான் ஜன்னலுக்கு உள்ளேயும் அவன் வெளியேயும் நின்று கத்திக்கொண்டோம். இரண்டு மணி நேரப் பயணம் முழுக்க எனக்குள் அது புகைந்துகொண்டே வந்தது. பதினோரு வருடம் கழித்துப் பார்க்கிறோம், கடைசியில் பேசியது என்னவோ அதே ரெசிஸ்டரைத்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மீட்டரை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவன் சொன்னது தப்பு என்று நிரூபித்தே தீருவது என்ற எண்ணம்தான். ரெசிஸ்டரின் ஒரு காலைக் கட்டரால் வெட்டினேன். பம்ப்பு ஓடியது. மீட்டர் பன்னிரண்டு வோல்ட்டில் நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். முள் துளியும் அசையவில்லை.

"என்னங்ணா, மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு?" என்றார் சகாயமேரி.

"என்ற தம்பி சொன்னது சரியாப் போச்சு."

"அதுக்கு இத்தனை வருத்தமா?"

ரெசிஸ்டரை முழுக்கக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டேன். வீம்புக்கு மறுபடி கட்டுகிற வயது எனக்கு இல்லை.

ஒன்பதரை மணி இருக்கும். கீழே கேட்டை யாரோ உடைப்பது போல ஆட்டும் சத்தம். எங்கள் கேட் கட்டைவிரல் பதிந்தால்தான் திறக்கும். வெளியூர் விரலுக்குத் திறக்காது. எட்டிப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்க, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மருதன் நின்றான்.

"அண்ணா!"

நேற்று முழுக்க அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. நான் படியிறங்கிப் போகும்வரை அதையே கத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நிறுத்தினான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு வந்தது பாருங்கள் கோபம்.

"எதுக்குக் கழட்டின?"

"நீதான்டா வேண்டாம்னு சொன்ன?"

"நான் ஆயிரம் சொல்லுவேன். உடனே கழட்டிருவியா? இத்தன வருசத்துல என்ற பேச்சை ஒரு தடவ கேட்டிருக்கறயா நீ? இன்னைக்குன்னு பாத்துக் கேக்கற!" கேட்டை ஒரு முறை உலுக்கினான். "சிவப்புக் கோடு படுத்துருச்சு. மஞ்சள் மட்டும் அது பாட்டுக்கு ஓடிட்டிருக்குது. நான் என்னன்னு நினைக்கறது?"

உள்ளே பம்ப்பு எட்டு நிமிட ஓய்வை முடித்துக்கொண்டு அரைக்கத் தொடங்கியது.

எனக்கு ஒரு கணக்கு இடித்தது. "மருதா, அது கேக்கறது காலைல ஆறு மணிக்குத்தான? நான் கழட்டினது ஏழு மணிக்கு. ஏழு மணிக்கு மேல எதுக்கு அதைப் பாத்துட்டு உக்காந்திருந்த?"

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்தான். கேட்டைத் திறந்துவிட்டதும் என்னைத் தாண்டி, சத்தம் வந்த பக்கமாக நடந்தான்.

"யாருங்ணா இவரு?" என்றார் சகாயமேரி, கதவருகே புதிதாக ஒரு தலையைப் பார்த்து.

"என்ற காப்பாளர்," என்றேன்.

அவன் அவருக்கு ஒரு கும்பிடு போட்டான். தரையில் உட்கார்ந்து பம்ப்பின் மேல் காதை வைத்தான். "புஷ்தான்" என்றான். அடுத்த எட்டு நிமிட ஓய்வில் அதைப் பிரித்து, பையிலிருந்து ஒரு புஷ்ஷை எடுத்து மாற்றி, நேரம் முடிவதற்குள் மூடிவிட்டான். அந்த அவசரத்திலும் வரும்போது பையில் புஷ் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பம்ப்பு ஓடியது. சத்தமே இல்லை. சகாயமேரி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஓடுதுங்களா?" என்றார்.

"ஓடுதுங்க," என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினான். "அந்த ரெசிஸ்டரைக் குடு."

"வேண்டாம்னு நீயே..."

"குடுண்ணா."

சால்ட்ரிங் அயர்னை நான் பிடித்தேன், வயரை அவன் பிடித்தான். சிவப்பில் அதைப் பற்ற வைத்தோம். அவன் போனை எடுத்து, கோடு மேலே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டான். நான் இன்னும் கோமாவில்தான் இருக்கிறேன். நூலகத்தில் புத்தகம் தர மாட்டேன் என்கிறார்கள்.